கையெழுத்து என்னுடையது

கோணம் தொழிற்பேட்டையில் பதினேழாம் ஷெட்.
பலகையில் 'எதிர்க்காற்று சைக்கிள்ஸ்'.
கீழே சின்ன எழுத்தில்
உரிமையாளர்: தா. எபனேசர் ஜெயசிங்.
அது நான்.
கேட் அடிப்பேன், கிரில் அடிப்பேன்,
கல்லறைக்குச் சிலுவை கேட்டால் அதுவும்.
சைக்கிள் வரையத் தெரியாது.

வரைந்தவள் பத்மலோஜினி.
பெருமாள்புரம் முகாமிலிருந்து பஸ் மாறி வருவாள்.
முதல் நாள்
சாக்பீஸ் வாங்கி, தரையில் முட்டிபோட்டு
முழு அளவில் ஒரு வண்டியைப் படுக்கவைத்தாள்.
"பார் எங்கே?"
"சீலையோட ஆர் அண்ணை பார் தாண்டுறது?"
"முன்சக்கரம் குட்டையா இருக்கே?"
"மீன் கடவம் அதுக்கு மேலதான் இருக்கும்.
பாரம் பதிஞ்சிருந்தால் காத்து தள்ளாது."

கரண்ட் இல்லாத வருஷங்களில்
அவள் ஊரில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து
டைனமோ உரச, ரேடியோ கேட்பார்களாம்.
செய்தி முடியும்வரை
கையால் பெடல் சுற்றுவது அவள் வேலை.
"எனக்குச் சைக்கிளை முதல்ல
தலைகீழாத்தான் தெரியும்" என்பாள்.

முதல் வண்டி இருபத்தாறே நாளில் துருப்பிடித்தது.
பள்ளத்திலிருந்து பிரகாசி
உருட்டிக்கொண்டு வந்து சாத்தினாள்:
"மீன்தண்ணி செயினத் தின்னுட்டு, கேட்டியளா."
லோஜினி குலசேகரம் போய்
புகைநாற்றம் போகாத ரப்பர் ஷீட்டு ஒரு கட்டு
மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.
செயினுக்குச் சட்டை தைத்தாள்.

ஆடியில் ஆரல்வாய்மொழி.
காற்றாலைகள் பல்லைக் கடித்துச் சுற்றும் சாலை.
கடவத்தில் நாற்பது கிலோ மணல்.
லாரிக்காரன் ஒருத்தன் அவள் குலத்தையே திட்டிவிட்டுப் போனான்.
விழுந்தால் தூக்கலாமென்று
பின்னால் பைக்கில் போனேன்.
அவள் விழவில்லை.
பைக்கைத்தான் இரண்டுபேரும் தூக்கினோம்.

கம்பெனி பதியப் போனோம்.
கேட்ட தாள் ஒவ்வொன்றும் என்னிடம் இருந்தது.
அவளிடம் முகாம் அட்டை,
அதில் ஒன்பது வயசுப் படம்.
"உங்கட பேரில போடுங்கோ" என்றாள்,
கடையில் பற்று எழுதச் சொல்வதுபோல.

செக்கிங் நாளில்
பாதி வெல்டில் விட்டுக் கிளம்புவாள்.
பெயர் கூப்பிட்டால் கை தூக்கவேண்டும்.
கிரீஸ் காயாத கை.

மாவட்டத் தொழில் விழாவும் ஒரு செக்கிங் நாளில்தான் வந்தது.
கேடயம் கனமாக இருந்தது.
மைக்கைப் பார்த்ததும் வாய் தானாகச் சொன்னது:
"இந்த வடிவம் ஒருநாள் ராத்திரி எனக்குத் தோன்றியது."
கைதட்டினார்கள்.
ராத்திரிகூட இல்லை அது,
பகல் பதினொரு மணி, சிமெண்டுத் தரை.

மறுநாள் பேப்பரை
எழுத்து விடாமல் வாசித்தாள்.
விரித்து,
பெயிண்ட் சொட்டாமலிருக்க
புதுச் சட்டத்தின் அடியில் போட்டாள்.
என் முகத்தின்மேல் பச்சை விழுந்தது.
அவள் பேசவில்லை. நானும்.

போன செவ்வாய், ராஜாக்கமங்கலம் முக்கு.
பிரகாசியின் வண்டி காற்றிறங்கி நின்றது.
கடவத்தை இறக்கி,
வண்டியைக் கவிழ்த்தேன்.

அதுவரை நான்
ஒரு வண்டியையும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

பெடல் அச்சின் அடிவயிற்றில்
எண் 001.
பக்கத்தில் நெல்லளவு இரண்டு எழுத்து,
ஆணியால் தட்டியது.
ப. லோ.
அந்த வண்டி போகும்போது
எங்களுக்குப் பலகை இல்லை, பதிவு இல்லை,
நான் பொய் சொல்ல ஒரு மைக்கும் இல்லை.

பஞ்சர் எங்கே என்பது மறந்துபோய்
சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"என்ன பாத்துட்டு நிக்கிய மொதலாளி?
மீனு நாறிப்போவும்.
வேகம் ஒட்டும்."