போதும் என்றால்

விளாங்குடியில் எங்கள் மாடிக்குக் குடிவந்தவர்கள்
பிலிப்பைன்ஸ்காரர்கள்,
ரொடெலும் மரிசெலும்.
ஊழியம் செய்ய வந்திருக்கிறார்கள் என்றார் தரகர்,
ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும் என்றும்.
என் வீட்டுக்காரர் இரண்டாவதை மட்டும்
இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

மரிசெல் முதலில் படித்த தமிழ்
‘போதும்’.
யாரும் அதை நம்பவில்லை.
தேனூரில், சமயநல்லூரில், போன வீட்டிலெல்லாம்
போதும் என்றதும் இன்னொரு இட்லி விழுந்தது,
அதன் தலையில் ஒரு கரண்டி குடல்குழம்பு.
தப்பான சொல்லோ என்று
நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.
சொல் சரிதான் தாயி,
இலையை மூடிட்டுச் சொல்லணும்.

கொல்லை மரத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று
‘மலுங்காய்! மலுங்காய்!’ என்று
வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.
முருங்கைக்காய் வாயில் நுழையவில்லை போல என்று
நான் திருத்த,
அவள் என்னைத் திருத்த,
கம்பளிப்பூச்சி ஊரும் அந்த மரத்தடியில்
அரைமணி நேரம் போனது.
அவர்கள் ஊரிலும் அதே மரமாம்.
காயைத் தொடமாட்டார்களாம், கீரை மட்டும்.

நாலு நாளைக்கொரு தடவை தண்ணீர் வரும்.
விடிகாலை மூன்று மணிக்குக் குடத்தோடு நிற்பாள்.
அன்றைக்கு மட்டும் ஜெபம் அப்புறம்.

ஏசுவைத் தெரியுமா என்று ஒருநாள் கேட்டாள்.
தெரியாமல் என்ன,
பையன் பத்தாவது எழுதும்போது
கீழவெளி வீதி மாதா கோயிலில்
மெழுகுவத்தி வைத்தேனே,
பாண்டி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே.
நோட்டில் அதற்கு அடுத்த கேள்வி இல்லை.

சண்டை ஒன்றே ஒன்று.
விளக்கேற்றிய வெள்ளிக்கிழமை,
மாடியிலிருந்து கருவாடு பொரிக்கும் வாசம்.
அவர்களுக்கு வெள்ளிக்கிழமை
கறி ஆகாது, மீன் ஆகும்.
எங்களுக்குக் கவுச்சியே ஆகாது.
யார் வெள்ளிக்கிழமை பெரிசு என்று
இரண்டு நாள் பேச்சில்லை.
உள்ளதைச் சொன்னால்,
நெத்திலியை அவள் பூண்டும் காடியும் போட்டுப் பொரித்த வாசத்தில்
எனக்கு நாக்கு ஊறியது. அதுதான் கோபம்.

ஐப்பசி மழையில்
பைக் வழுக்கி விழுந்த என் வீட்டுக்காரரைப்
பெரியாஸ்பத்திரியில் விட்டுவிட்டு
சேலை மாற்ற வந்தேன்.
அடுப்பைப் பார்த்தேன், பற்றவைக்கவில்லை.
சுவரில் சாய்ந்து
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

தூக்குவாளியோடு இறங்கி வந்தாள்.
குழையக் குழைய அரிசிக்கஞ்சி,
இஞ்சி தட்டிப்போட்டு,
கருக வறுத்த பூண்டு,
எங்கள் மரத்துக் கீரை.
கர்த்தர் என்று ஆரம்பிப்பாள் என்று பயந்தேன்.
கரண்டி எங்கே என்றாள்.

ஒரு கரண்டி.
போதும் என்றேன்.
இன்னொன்று விழுந்தது.
போதும் மரிசெல், உண்மையாகவே போதும்.
இன்னொன்று.
நம்மூர்ப் பழக்கத்தை
முழுதாகப் படித்துவிட்டாள் பாவி.
எவர்சில்வர் தட்டை
எந்தப் பக்கம் மடித்து மூட?

உப்பு கம்மி.
நான் சொல்லவில்லை.