நாற்பது

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் என்கிறது பொருளடக்கம்.
கைக்கு வந்ததோ முப்பத்தொன்று.
எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை,
பாதிக் கட்டங்களில் ஒரே வாசகம்:
ஒதுக்கப்பட்டது. எழுத வேண்டாம்.
யாருக்காக ஒதுக்கினீர்கள் என்று
விஸ்மா கடிதம் போட்டுக் கேட்டாள்.
ரகசியம் காப்பேன் எனக் கையெழுத்திட்டால்
சொல்கிறோம் என்றார்கள்.
கையெழுத்திட்டால் நான் யாருக்கும் சொல்ல முடியாதே
என்று எழுதினாள்.
அதற்குப் பதில் வரவில்லை.
பிறகு அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி
விழுங்கிவிட்டது.

லியபாயாவில் பிப்ரவரி.
துறைமுகக் காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடிக்கிறது.
அறுபத்திரண்டு வீடுகளின் வெந்நீர்க் குழாய்களைத்
திறந்து மூடும் பெட்டிகளுக்குள்
நாற்பத்தெட்டுக் கால்களோடு இந்தச் சில்லு.
விற்றவர்களின் சர்வர் அணைந்த நாளிலிருந்து
பதினான்காம் எண் வீட்டுத் தாலிவால்டிஸ்
கோட்டோடுதான் தூங்குகிறார்.

சமையல் மேசையில்
மூன்று பலகைகளைக் கொன்றாயிற்று.
ஒன்று புகைந்தது.
ஒன்று வாயே திறக்கவில்லை.
மூன்றாவது, சாகும் முன் ஒரே ஒரு தரம்
சரியாகப் பதில் சொன்னது.
அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

நான்காவதை வேவு பார்க்க
மெல்லிய கம்பியொன்றை
ஏழாம் காலில் கவ்வவைத்தாள்.
வேலை செய்தது.
கம்பியை எடுத்தாள், நின்றது.
மாட்டினாள், உயிர். எடுத்தாள், பிணம்.
ஆள் பார்த்தால் மட்டும்
புத்தகம் விரிக்கும் பிள்ளை.

வினைத்தொகை என்று நம் இலக்கணத்தில் ஒன்று உண்டு.
ஊறுகாய் என்றால்
ஊறியதா, ஊறுகிறதா, இனிமேல்தான் ஊறுமா?
காலத்தை விழுங்கிவிட்டுச் சொல்
முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளும்.
விஸ்மாவுக்குத் தமிழ் தெரியாது.
ஆனால் அந்த அட்டவணை விழுங்கியது என்னவென்று
விடிகாலை ஐந்தே காலுக்குப் பிடிபட்டது.
கம்பியின் துளி பாரம்
சமிக்ஞையைச் சற்றே இழுத்துப் பிடித்திருக்கிறது.
சில்லுக்கு வேண்டியிருந்தது அந்த இழுவைதான்.
எழுப்பிய கையோடு ஓடச் சொன்னால்
யாரால் முடியும்.

இருபது மைக்ரோவிநாடி காக்கவைத்தாள். இல்லை.
முப்பது. தடுமாறியது.
நாற்பது.

நிரலில் அந்த வரிக்கு மேலே எழுதினாள்:
ஏனென்று எனக்குத் தெரியாது.
நாற்பதுக்குக் கீழே போகாதீர்கள்.
மூன்று பலகைகள் செத்தன.
எழுதியதை முழுசாகத் திறந்து வைத்தாள்,
எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம்.

ஆகஸ்டில், உலகின் அந்தக் கோடியில் அது குளிர்காலம்,
புன்ட்டா அரேனாஸிலிருந்து எவுசேபியோ மன்சில்யா
அந்த வரியைத் திருத்தி அனுப்பினார்.
தக்காளிக் கூடாரத்தில் இதே சில்லு.
மைனஸ் ஆறுக்குக் கீழே ஐம்பத்தைந்து வேண்டும்.
ஏனென்று எனக்கும் தெரியாது. இரண்டு பலகைகள்.
விஸ்மா கூட்டி ஐந்து என்று போட்டாள்.
‘எனக்கு’ என்பதை ‘எங்களுக்கு’ ஆக்கினாள்.

அதெல்லாம் பிறகு.
அந்தப் பிப்ரவரிக் காலையில் நடந்தது இவ்வளவுதான்:
பதினான்காம் வீட்டுக் குழாய்
முனகியது, இரண்டு முறை தட்டியது, சுட்டது.
மத்தியானம் தாலிவால்டிஸ் வந்து நின்றார்,
கையில் புகைபோட்ட மீன் பொட்டலம்,
நெற்றியெல்லாம் வியர்வை.
கொஞ்சம் குறைக்க முடியுமா என்றார்.