நூற்றிப்பத்து மீட்டர்

கொதிகலனைத் திறந்ததும்
முதலில் கிடைத்தது தண்ணீர்தான்,
கல்லாகிப்போன தண்ணீர்.
குழாய்க்குக் குழாய் விரற்கடை கனத்தில் காறை.
வெளுப்பு உசிலம்பட்டிக் கிணறாம்,
பழுப்பு ஆண்டிபட்டியாம்,
தேனித் தண்ணீர் ஒட்டவே ஒட்டாதாம்.
நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னார் சிக்கந்தர் மைதீன்.
எனக்கு எல்லாம் உப்பாகத்தான் இருந்தது.

மதுரைக்கும் போடிக்கும் நடுவே தொண்ணூறு கிலோமீட்டர்.
அதற்கப்பால் உலகம் இருப்பதே இதற்குத் தெரியாது.
போகையில் உரமூட்டை, மண்ணெண்ணெய், மாப்பிள்ளை வீட்டார்.
வருகையில் ஏலக்காய், பஞ்சு,
சந்தைநாளில் கால் கட்டிய சேவல்கள்.
கணவாய் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும்,
மணல் தூவ வேண்டும்.
மணல் ஈரமென்றால்
சனம் இறங்கி நடக்கும்,
மேலே முதலில் போய் நின்று
இதைப் பார்த்து வா வா என்று கைகாட்டும்.

பழுதுப் புத்தகத்தில் ஒரு பக்கம்:
ஆடு மூன்று. காளை ஒன்று.
வாலாந்தூரில் காயப்போட்ட வேட்டி பதினொன்று, கரிப்பொறியால்.
நஷ்டஈடு கேட்டவர் பெயர் இருக்கிறது.
கொடுத்ததாக இல்லை.

நெருப்புப்பெட்டிக்குள் நான்தான் நுழைந்தேன்.
அந்த வாய்க்குள் போகிற உடம்பு
பட்டறையில் எனக்கு மட்டும்தான்.
பதினேழு நாள், முட்டி போட்டு.
நாற்பத்திரண்டு ஸ்டே போல்ட்டு மாற்றச் சொல்லிச் சீட்டு.
நாற்பத்தொன்று வந்துவிட்டன.
ஒன்று வரமாட்டேன் என்றது.
அதன் தலையில் உளியால் கொத்திய ஓர் எழுத்து: மொ.
மொக்கைச்சாமியோ, யாரோ.
மூன்று டிரில் முனை ஒடிந்தது.
கிட என்று விட்டுவிட்டு
சீட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

அழுத்தச் சோதனையன்று
நான் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முள் ஏறியது, இன்னும் ஏறியது.
அது வியர்க்கக்கூட இல்லை.
இரண்டடி தள்ளி
நான் வைத்த பற்றில்
ஊசி போலப் பீய்ச்சியது தண்ணீர்,
என் முகத்திலேயே.

அன்று சாயங்காலம் ஆய்வாளரிடம் சொல்லிவிட்டேன்.
ஜெசுதியான் கண்ணாடியைத் துடைத்தார்,
விளக்கை வாங்கிக்கொண்டு
தலையை மட்டும் உள்ளே நுழைத்து
சுத்தியலால் அதை நாலு தட்டுத் தட்டிக் கேட்டார்.
நாற்பத்திரண்டை அடித்து நாற்பத்தொன்று ஆக்கி
கீழே சிவப்பு மையில் எழுதினார்:
ஒன்று பழையது. நிற்கிறது.
என் பற்றை வெட்டியெடுத்து
மறுபடி வைத்தேன்.

போடித் தடம் இப்போது அகலப்பாதை.
இதன் கால்களுக்கு இரண்டடிக்கு மேல் எட்டாது.
கூடல்நகர் யார்டு ஓரமாக
நூற்றிப்பத்து மீட்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.
கொடியசைத்தவர் கையை இறக்குமுன்
போய்ச் சேர்ந்துவிட்டோம்.
பிறகு பின்னால்.
பிறகு முன்னால்.

நாலாவது நடையில்தான் கவனித்தேன்,
மணல் பெட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது,
சலித்த மணல்.
ஏற்றமே இல்லையே பாய், எதற்கு என்றேன்.
மணல் இல்லாமல் வண்டியை எடுப்பாங்களா என்றார்,
கோபமாகவே.
கையை விட்டுப் பார்த்தேன்.
உலர்ந்திருந்தது. சூடாக இருந்தது.