இருபத்துநாலாம் மணித்தியாலம்

உயிர் போன பின்னும் தசைக்கு வேலை இருக்கிறது.
மிச்சச் சர்க்கரையைக் கரைத்துக் கரைத்து
மெல்லப் புளிக்கும்.
ஒரு பகலும் ஒரு இரவும் கழிந்து
ஐந்து தசம் ஆறில் வந்து நின்றால்
நல்ல இறைச்சி. சிவப்பு, பல்லுக்கு இணக்கம்.
ஆறைத் தாண்டி நின்றால்
அந்த ஆடு முதல்நாளே
சர்க்கரையைப் பயத்துக்குச் செலவழித்துவிட்டது.
கறுத்திருக்கும். கத்தியில் ஒட்டும்.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்
முப்பத்தொரு வருடச் சம்பளம் எடுத்தேன்.

சுன்னாகத்தில் மச்சம் புழங்காத வீடு.
ஆய்வுகூடத்தால் வந்தால்
கிணற்றடியில் எனக்கென்று தனி வாளி.
தலையில் ஊற்றாமல் அம்மா படியேற விடமாட்டா.
கந்தர்மடத்திலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள்
பிள்ளை என்ன ஆராய்ச்சி என்று கேட்க
"சாப்பாட்டுச் சாமான்" என்றார் அப்பா.
பொய் இல்லைத்தானே.

சுவைக்குழுவில் எட்டுப் பேர்.
மென்மைக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை புள்ளி.
தட்டச்சுக்கார நொபேட்டா
ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எழுதுவாள்:
உப்புக் காணாது.
உப்புப் போடக்கூடாது என்பது விதி என்று
எத்தனை தரம் சொல்லியும்
உப்புக் காணாது.
நான் இன்றுவரை
ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை.

பற்றறி உள்ளே வராத வருடங்களில்
மானி ஊமையாய்க் கிடந்தது.
விடுதி வேலியில் செவ்வரத்தம்பூப் பிடுங்கி
அவித்து, வடித்து,
இறைச்சி அரைத்த நீரைத் துளித்துளியாய் விட்டு
விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்த்தோம்.
ரோசா என்றால் சரி.
ஊதாப் பக்கம் சாய்ந்தால்
குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்,
"மாதிரி பதினேழு: பயம்."

பின்னாளில் கட்டுரை அச்சுக்குப் போனபோது
அட்டவணை மூன்றில் ஒரு வரிசை வெறுமை.
தொண்ணூற்றைந்து ஒக்டோபர் தொடக்கம்
அடுத்த மே வரை.
விலங்குகள் ஏன் இல்லை என்று
எங்கோ குளிர்நாட்டிலிருந்து மதிப்பீட்டாளர் கேட்டார்.

நாவற்குழிப் பாலத்தில் மழை.
மானியைப் பழஞ்சேலையில் சுற்றி
மடியோடு அணைத்திருந்தேன்.
எனக்கு முன்னால் ஒருவர் தோளில் மறியாடு.
அது கத்தவில்லை.
விடியும்வரை ஒருவரும் கத்தவில்லை.

"மாதிரிகள் பெற முடியவில்லை"
என்று பதில் எழுதினேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.

முடிவுரை இவ்வளவுதான்:
வெட்டுமுன் ஓர் இரவு ஓய்வு.
ஒரு வாளி தண்ணீர், கொஞ்சம் கிளுவங்குழை.
நெடுந்தீவுக் கிடாய் என்றால் இரண்டு இரவு,
கடல் கடந்து வருவதால்.

புத்தளத்தால் திரும்பி வந்து
ஐந்து சந்தியடியில் கடை திறந்த அஸ்மீர் நானாவிடம்
அச்சுப்பிரதியோடு போனேன்.
கை துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.
"குழைக்குக் காசு ஆர் தாறது டொக்டர்?
கறுத்ததோ சிவத்ததோ
எங்கட தூளைப் போட்டா ஒரே நிறம்."

மறுத்துச் சொல்ல என்னிடம் தரவு இருக்கவில்லை.
பன்னிரண்டு வருடம்
அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஓய்வுபெறும் கிழமை, வெள்ளி பின்னேரம்,
சைக்கிளில் அவ்வழியால் வரும்போது
கடைக்குப் பின்னால் ஆறு கிடாய்.
வாளி. குழை.
இரண்டு படுத்து அசைபோடுகின்றன.

"உங்கட பேப்பருக்காக எண்டு நினைச்சிராதைங்கோ.
லொறிக்காரன்ர மகளுக்குச் சனிக்கிழமை ரியூசன்.
வெள்ளியே கொண்டந்து இறக்கிப்போட்டுப் போறான்.
கத்திக்கொண்டு நிண்டதுகள்,
காது வலிச்சுது. அதுதான் போட்டன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

சனி காலை அரைக்கிலோ தொடை வாங்கி
ஆய்வுகூடக் குளிர்ப்பெட்டியில் வைத்து
ஞாயிறு, ஒருவரும் இல்லாத கட்டடத்தில்
மானியின் முள்ளை இறக்கினேன்.
ஐந்து தசம் ஏழு.

குறிப்பேட்டைக் கையளித்தாயிற்று.
ஓய்வூதியப் படிவத்தின் பின்பக்கம் எழுதினேன்.
பிறகு அந்தத் துண்டைப் பொலித்தீனில் கட்டி
நொபேட்டா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்,
உப்பைப் போட்டே காய்ச்சு என்று.