இழப்பீட்டுப் படிவம், பக்கம் மூன்று

மாடி வீட்டு வெந்நீர்த் தொட்டி வெடித்து
என் துணி அலமாரி வழியாகக் கீழிறங்கிய நான்காம் நாள்
இன்சூரன்ஸ்காரர் வந்தார்.
பூந்தா அரேனாஸ் காற்று கதவைச் சாத்த விடவில்லை,
இருவரும் தோள்கொடுத்தோம்.
பெயர் ஓயார்சோ. முப்பது இருக்கும்.
கோட்டில் மூன்றாவது பித்தான் இல்லை,
நூல் மட்டும் முளைத்து நின்றது.
பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"துணிகளுக்கு ரசீது இருக்கிறதா, சென்யோரா?"

ரசீதா.
ஆறு வருடமாக உள்ளாடை தவிர
ஒன்றும் கடையில் வாங்கியதில்லை நான்.
காரணம் கொள்கை இல்லை, தோள்.
வலது தோள் இடதைவிட இரண்டு விரல் தாழ்வு.
படகில் டிக்கெட் பை தொங்கித் தொங்கி
இறங்கிவிட்டது என்றார் டாக்டர்.
பிறந்தபோதே அப்படித்தான் என்றாள் அம்மா.
கடைச் சட்டைகள் இந்த வழக்கில் தலையிடுவதில்லை.
ஊருக்கெல்லாம் பொதுவாய் ஒரு தோள் தைத்துவைத்து
அதற்குள் என்னை நிமிரச் சொல்லும்.

அதனால் தைத்தேன்.
செய்தித்தாளில் வெட்டிய முதல் அளவில்
பூப்போட்ட துணியில்
இரண்டு இடது கை வந்தது.
துணிக்கு முகமும் முதுகும் உண்டென்று
அன்றுதான் தெரிந்தது.
காஜா எடுக்க இரண்டு வருடம் துணியவில்லை,
அதுவரை எல்லாமே தலைவழி மாட்டுவதுதான்.
நீலக் கோட்டின் உள்ளே
டிக்கெட் துளைக்கும் கருவிக்கென்று
அதன் மூக்குக்கும் சேர்த்து ஒரு பை வைத்தேன்.
நாய் சுற்றிப் படுப்பதுபோல்
அது அதற்குள் போய் உட்காரும்.

"மதிப்பு எவ்வளவு போடலாம்?"

பச்சை ஸ்வெட்டர்.
கம்பளி இருபத்தெட்டாயிரம் பெசோ.
பின்னிய நேரம்?
போர்வெனீருக்குப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி,
ஒரு குளிர்காலம் முழுக்க.
நீரிணை கொந்தளித்த நாட்களின் கண்ணிகள்
இறுகி, முதுகில் ஒரு பட்டையாகத் தெரியும்.
அவர் எழுதினார்:
எண் நான்கு. ஸ்வெட்டர், ஒன்று, பழையது.

ஒன்றை நான் சொல்லவில்லை.
தண்ணீர் அதை நனைக்க மட்டுமே செய்தது.
கொன்றது நான்.
துருக்கறை போகட்டுமென்று பதற்றத்தில்
மெஷினில் திணித்துச் சூடாகச் சுழலவிட்டேன்.
கந்தையானாலும் கசக்கிக் கட்டலாம்.
கம்பளியைக் கசக்கினால்
கட்டிக்கொள்ள ஆள் மாறிவிடும்.
வெளியே எடுத்தபோது
ஏழு வயதுப் பிள்ளை அளவில்
தடித்து, விறைத்து,
மேசைமேல் தானாக நின்றது.
தோள் இரண்டும் ஒரே உயரம்.
அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.
"எண் நான்கை அடித்துவிடுங்கள்" என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
பையிலிருந்து ஸ்கேலை எடுத்துவைத்து
நேராக ஒரு கோடு அடித்தார்.
கோணலாய் அடித்திருந்தால்
இவ்வளவு பிடித்திருக்காது அவரை.
பித்தானைப் பற்றி நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
டப்பாவில் அதே பழுப்பில் இரண்டு கிடந்தன.

இரவு பெரிய கத்தரியை எடுத்தேன்.
பின்னலில் கத்தரி வைப்பதா?
ஒரு கண்ணி அறுந்தால்
தெருவே வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடும்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினேன்.
ஓர் இழை அசையவில்லை.
அந்த ஆயிரம் ஆயிரம் கண்ணிகள்
ஒன்றையொன்று கெட்டியாய்ப் பிடித்திருந்தன,
என் ஊசிக்குக் கட்டுப்பட்ட நாட்களில்கூட
அப்படிப் பிடித்ததில்லை.

பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து
பூட்ஸுக்குள் போட இரண்டு உள்தகடு வெட்டினேன்.
இரண்டும் இடது.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
பிறகு ஒன்றைத் திருப்பிப் போட்டேன்.
முகமா முதுகா என்று
அதற்கு இப்போது எதுவும் இல்லை.

ஆறு மணிப் படகு.
தளத்தில் உறைபனி.
காலுக்கடியில், கொந்தளித்த நாட்களின் பட்டை
வலது குதிகாலில் லேசாக உறுத்துகிறது.