பிழை: சாமி

மாதத்தின் முதல் சனி, பின்னேரம் நாலரை.
வெள்ளவத்தையில் மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
கொழும்பு பேஸ்பால் வரலாற்று வட்டத்தில்
ஆறு பேர், கதிரை ஐந்து.
கபில யன்னல் விளிம்பில் குந்தியிருப்பார்.
குறிப்பேடு என் கையில்.
துறைமுகத்தில் நாள் முழுக்கப் பெட்டி எண்ணுகிறவனுக்கு
இதுவும் எண்ணிக்கைதானே என்று தந்துவிட்டார்கள்.

எங்களில் மட்டை பிடித்தவர் ஃபாயிஸா மட்டும்.
பந்து பட்ட சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை.
மற்றவர்கள் கடதாசியில் ஓடுகிறவர்கள்.

"கிரிக்கெட் ஊரில இது என்ன விசர்?"
ஆட்டோக்காரர் எல்லாரும் கேட்டாயிற்று.
இயூஜீனி கசிச்செட்டியிடம் பதில் ஒன்றுண்டு:
"கிரிக்கெட்டப் பாக்க ஆளிருக்கு தம்பி.
இதுக்கு யாரிருக்கா?"

எல்லேதான் மூத்தது என்பார் கபில.
தடி, பந்து, ஓட்டம், எல்லாம் இங்கேயே இருந்தது,
கப்பலில் வரவில்லை என்பார், அரைமணி நேரம்.
நான் எழுதுவது: கபில பேசினார்.

போன மாசியில், சுவடிகள் திணைக்களத்தில்
லோகிதன் கேட்ட பத்திரிகைக் கட்டுக்கு
உடையும் நிலை, தர இயலாது என்று சீட்டு திரும்பியது.
இரண்டாம் முறையும் அதுவே.
மூன்றாம் முறை இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டான்.
வந்தது ஒரு கப்பல் கம்பனியின் சலவைக் கணக்கு.
மேசைவிரிப்பு நானூறு. தலையணை உறை எழுநூற்றுப் பன்னிரண்டு.
நடுவில், நாலாக மடித்த
ஒரு ஸ்கோர் அட்டை.

படமெடுக்க விடமாட்டார்கள்.
பென்சிலால் பார்த்து வரைந்து வந்தான்,
தேநீர்க் கறையைக்கூட.

நிலக்கரி ஏற்றி முடியும்வரை
கப்பல்காரர் இரண்டு அணியாகி
காலிமுகத்திடலில் ஆடிய ஒரு பின்னேரம்.
ஒருவனுக்குக் காய்ச்சலோ என்னவோ,
ரைட் ஃபீல்டில் அவன் பெயரை வெட்டி
மேலே எழுதியிருந்தது: சாமி.

மாலுபாண் ஆறிப்போனது.
எந்தச் சாமி?
அந்நாளில் துரைமாருக்குத் தமிழன் எவனும் சாமி.
முத்துச்சாமியோ, பெயரில் சாமியே இல்லாத அந்தோனியோ,
கரிக்கூடையை இறக்கிவிட்டு
வேடிக்கை பார்க்க நின்ற எவனோ.
கொம்பனித்தெருப் பெடியனாயும் இருக்கலாம் என்றார் ரஸீன் துவான்,
எங்கட பெயர்களை அவங்கள் கேட்டாங்களா என்ன.
சமரதாசவைச் சுருக்கியிருப்பார்கள் என்றார் கபில.
ஒரு மணி நேரத்தில் அவனுக்கு நாலு தகப்பன்மார்.

அவன் வரிசையில் ஓட்டம் சுழியம், அடி சுழியம்.
கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒன்று.
அது பிழைக் கட்டம்.

"பெயரைச் சரியா எழுதாதவன்
பிழையை மட்டும் சரியா எழுதியிருக்கிறான்" என்றேன்.
நல்ல வசனம். குறிப்பேட்டில் நானே பதிந்துகொண்டேன்.

ஃபாயிஸா பிளேன்டீயைக் கீழே வைத்தார்.
"எட்டாத பந்துக்குப் பிழை எழுத மாட்டாங்க.
தலைக்கு மேலால போனா அது அடிச்சவன்ட அடி.
பிழை என்டா
அவன் ஓடி, அதுக்குக் கீழ போய் நின்டிருக்கான்.
கையில பட்டிருக்கு."

மின்விசிறி சுற்றியது.
"கையுறை குடுத்திருப்பாங்களா?" என்றார் இயூஜீனி.
அது அட்டையில் இல்லை.

என் வசனத்தை வெட்டினேன்.
தீர்மானம்: சாமி, ரைட் ஃபீல்ட். வேறு விவரம் தெரியாது.

பிறகு என்ன பிடித்ததோ எங்களுக்கு,
காலி வீதியைக் கடந்து, தண்டவாளம் கடந்து
கடற்கரைக்கு இறங்கினோம்.
கபிலவிடம் ஒரு டென்னிஸ் பந்து. எப்போதும் இருக்கும் போல.
ரஸீன் துவானின் குடையைத் தலைகீழாய்ப் பிடித்து
ஃபாயிஸா அடித்தார்.
வலது கோடியில் நான்.
சூரியனுக்குள் போன பந்து
எங்கே வெளியே வரும் என்று கையை விரித்துக்கொண்டு ஓடினேன்,
சப்பாத்துக்குள் மண்,
பாணந்துறை ரயில் பின்னால் கூவிக்கொண்டு போனது.

பந்து எனக்குப் பத்தடி தள்ளி விழுந்தது.

"உங்களுக்குப் பிழை இல்லை அண்ணை!"
லோகிதன் அங்கிருந்து கத்தினான்.