அறுபத்தைந்துக்குக் கீழே

புவெர்த்தோ மோன்ட்டில் மழை ஓய்ந்ததாக
யாரும் சொல்வதில்லை.
கொஞ்சம் இடைவெளி விடுகிறது, அவ்வளவுதான்.

ஏழாம் படுக்கையில் எலெவுதேரியோ மன்சியா.
சால்மன் ஆலையில் கத்தி பிடிப்பவர்.
வெள்ளிக்கிழமை ஒரு மீன்முள்
கையுறையைத் துளைத்தது.
ஞாயிறு மாலைக்குள்
கட்டைவிரலின் சீழ் ரத்தமெங்கும் கலந்து
உடம்பின் குழாய்களெல்லாம் தளர்ந்துவிட்டன
நாடா உருவிய பாவாடை மாதிரி.
ரத்தம் இருக்கிறது, அழுத்தம் இல்லை.
நிமிடத்துக்கு நூற்று முப்பது முறை
யாரும் திறக்காத கதவைத்
தட்டிக்கொண்டிருக்கிறது இதயம்.

இரவுப்பணி சிமேனா ஓயார்சூன்
கழுத்துக் குழாயில் மருந்தைக் கோக்கிறாள்.
நாரட்ரினலின். தண்ணீர் நிறம்.

உடம்பு தானே காய்ச்சுகிற சரக்குதான்.
நாய் துரத்தும்போது,
படகுத்துறையில் கால் வழுக்கும்போது
கேட்காமலே கிடைப்பது.
இப்போது பம்ப் அளந்து தருகிறது,
ஒரு கிலோ உடம்புக்கு, ஒரு நிமிடத்துக்கு,
ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு.
கந்துவட்டிக்காரன்கூட
இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கமாட்டான்.

இது பேசும் நரம்புக்குப்
பாடப்புத்தகம் வைத்த பெயர்
பரிவு.

பெயர் வைத்தவர்
இரவுப்பணி பார்த்திருக்க மாட்டார்.
தோலைப் பிழிந்து,
குடலைப் பட்டினி போட்டு,
கை கால் கடைக்கோடிவரை வசூலித்து
இதயத்துக்கும் மூளைக்கும் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு
வேறு எந்த ஊரிலாவது
பரிவு என்றா பெயர்?

குழாய்ச் சுவரெங்கும் காதுகள்.
ஆல்ஃபா என்கிறார்கள்.
மருந்து அவற்றில் ஒரே சொல்லைச் சொல்கிறது:
இறுக்கு.
இதயத்தின் காதுகள் பீட்டா.
அங்கும் சேதி போகிறது,
சற்றுத் தாழ்ந்த குரலில்.

அறுபத்தைந்து வேண்டும்.
நாற்பத்தெட்டு.
கூட்டினாள். ஐம்பத்து மூன்று.
கூட்டினாள்.
ஐம்பத்து மூன்று.
இன்னும் கூட்டினாள்.
இரண்டேகால் மணிக்கு அறுபத்தாறு.

அப்போதுதான் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள்.
மாக்கிப் பழம் தின்ற
பிள்ளைகளின் உதட்டு நிறத்தில்
பத்துக் கால்விரல்களும்.
கையில் இரண்டு.

பஞ்சு சுற்றினாள்.
பஞ்சு ரத்தம் அனுப்பாது என்று தெரிந்தே சுற்றினாள்.
தொலைபேசியில் டாக்டர் பரியேந்தோஸ்
உயிர் முதலில், என்றார்.
கொட்டாவியோடு சொன்னாலும்
அது சரியான பதில்தான்.

மாலையில் மகள் சொல்லிப் போயிருந்தாள்:
அப்பா இடதுகைக்காரர்,
ஆலையில் அவருக்காக ஒரு மேசையைத்
திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தாள்,
பிறகு அடித்துவிட்டாள்.

விடியும்போது ஒரு படி குறைத்தாள்.
அடுப்பில் பால் வைத்தவள் போல
திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
அறுபத்து நான்கு.
அறுபத்து மூன்று.
கை பம்புக்குப் போனது,
அங்கேயே நின்றது.
அறுபத்து மூன்று.
ஜன்னலில் வளைகுடா
சாம்பல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.
அறுபத்தைந்து.
தாமே பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன குழாய்கள்.

புதன்கிழமை பம்ப் நின்றது.
வியாழன் தொண்டைக் குழாயை எடுத்தார்கள்.
மற்றவர்கள் கேட்பதுபோல்
இது எந்த இடம், என்ன கிழமை
என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.
இடக்கையை முகத்துக்கு நேரே தூக்கி
ஒவ்வொரு விரலாய்க்
கட்டைவிரலில் தொட்டுப் பார்த்தார்.
மோதிரவிரலும் சுண்டுவிரலும்
எரிந்து அணைந்த தீக்குச்சித் தலைகள்.

'கத்திக்கு மூணு போதும்,' என்றார்.
குரல் உப்புத்தாளில் உரசியது.

சிமேனா தலையாட்டினாள்.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
ஆனால் திரையில் எண்பத்து நான்கு
தொண்ணூறாகி, நூற்றைந்தாகி,
நூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது.

எந்தக் குழாயிலும் மருந்து ஓடவில்லை.
அது அவருடைய சொந்தச் சரக்கு.